உங்களுக்குத் தெரியுமா? அரக்கோணத்தில் ஒரு ஹெலிகாப்டர் பள்ளி
அம்பத்தூரிலும் ஆவடியிலும் நாம் இடித்துப் பிடித்து ஏறும் அரக்கோணம் லோக்கல், இந்தியக் கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் உருவாகும் ஊருக்குத்தான் போகிறது. கடலே எட்டிப் பார்க்காத ஊரில் கடற்படை! அங்குள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் சேத்தக் ஹெலிகாப்டரில் பயிற்சி. பறப்பதைவிட அந்தரத்தில் அசையாமல் நிற்பதுதான் பெரும்பாடு. இடக்கை நெம்புகோல் ஏற்றி இறக்கும். வலக்கைக் கோல் முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் நகர்த்தும். கால் பெடல்கள் மூக்கைத் திருப்பும். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் உடனே சரிசெய்தாக வேண்டும். 22 வாரப் பயிற்சியில் தேறி, 2024 ஜூன் 7 அன்று கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியானார் அனாமிகா பி. ராஜீவ்.