மழைத்துடைப்பானும் ஒரு சிறு வளையமும்

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் முன்னோர் மொழி. இப்பழமொழியை நான் வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கிறேன். ஆயினும் அதன் பொருளை உள்ளபடி உணர்ந்தது சிங்கப்பூரின் தேக்காவில், கொட்டும் மழையில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு திசம்பர் விடுமுறையில், தேக்காவை அடுத்து வாழும் என் தங்கை வீட்டிற்கு ஜொகூரிலிருந்து குடும்பத்துடன் என் பழைய காரில் சென்றிருந்தேன். சிராங்கூன் சாலையில் தேக்காச் சந்தையை நெருங்குகையில் வடகிழக்குப் பருவமழை வானைப் பிளந்து கொட்டத் தொடங்கியது. மக்கள் 'வைப்பர்' என வழங்கும் மழைத்துடைப்பானை முடுக்கினேன். இரண்டு நிமிடம் ஓடியிருக்கும். 'டக்' என்றோர் ஓசை. என் முன்னிருந்த துடைப்பான் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிட்டது. உடனே பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்ற பின்னரே, குடைபிடித்த ஒரு தாய் தம் குழந்தையுடன் சில அடி தூரத்தில் சாலையைக் கடப்பதைக் கண்டேன். அக்கணத்தை நினைத்தால் இன்றும் என் கை நடுங்குகிறது.

குற்றம் மழையினுடையதன்று, என்னுடையதே. இரண்டு வாரங்களாகவே துடைப்பான் ஓடும்போது 'டக், டக்' என்ற ஒலி கேட்டு வந்தது. பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று வாளாவிருந்துவிட்டேன்.

மழை விட்டபின் வண்டியைப் பார்த்த ஒருவர், "மோட்டார் போய்விட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும்" என்றார். லோரி ஓட்டுநரான என் தங்கையின் கணவர் சிரித்துவிட்டு, "மோட்டார் கெட்டிருந்தால் அந்தப் பக்கத்து வைப்பர் மட்டும் எப்படி ஓடும், மச்சான்?" என்று கேட்டார். தலைமையாசிரியராகிய எனக்கு அன்று அவர் ஆசிரியரானார். அவரிடம் கற்றதை நம் மாணவர்க்கும், வாகனம் வைத்திருக்கும் தோட்ட மக்களுக்கும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துடைப்பான் இயங்கும் விதம்

மழைத்துடைப்பானுக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி ஆவார். வண்டிக்குள் இருந்தவாறே கையால் இயக்கும் துடைப்பானுக்கு அவர் 1903 நவம்பர் 10ஆம் நாள் காப்புரிமை பெற்றார். பின்னர் கையின் இடத்தை மோட்டார் எடுத்துக்கொண்டது.

மோட்டார் ஒரே திசையில் சுற்றுகிறது. துடைப்பானோ இடமும் வலமுமாக ஆடுகிறது. சுழற்சி எவ்வாறு ஆட்டமாக மாறுகிறது? நம் பாட்டிமார் காலால் மிதித்துத் தைத்த தையல் இயந்திரத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே மிதிபலகை ஆடுகிறது. ஒரு தண்டு அவ்வாட்டத்தை மேலே கொண்டுசென்று சக்கரத்தைச் சுழற்றுகிறது. துடைப்பானில் இதுவே தலைகீழாக நிகழ்கிறது. மோட்டாரில் உள்ள சிறு கை சுழல்கிறது. இணைப்புத் தண்டுகள் அதைப் பெற்றுத் துடைப்பானின் அச்சுகளை ஆட்டுகின்றன.

இத்தண்டுகள் சேருமிடங்கள் நம் தோள்மூட்டைப் போன்றவை. ஒருபுறம் இரும்புக் குண்டு. மறுபுறம் அதைக் கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் அல்லது நைலான் வளையம். இதனையே 'புஷ்' என்பர். வெயிலில் இது வறண்டு வெடிக்கும். மழைநீரில் கிரீஸ் கழுவப்பட்டால் விரைவில் தேயும். தேய்ந்தால் மூட்டு தளரும். முற்றினால் கழன்று விழும். என் காரில் நடந்ததும் இதுவே.

மாணவர்களே, இதனை வீட்டில் செய்து பார்க்கலாம். ஓர் அட்டை வட்டத்தின் மையத்தில் ஊசி குத்திப் பலகையில் பொருத்துங்கள். மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி, 5 செ.மீ. நீளமுள்ள அட்டைப்பட்டையின் ஒரு முனையைப் பலகையில் பொருத்துங்கள். அதன் மறுமுனையையும், வட்டத்தில் மையத்திலிருந்து 2 செ.மீ. தொலைவிலுள்ள புள்ளியையும் 10 செ.மீ. பட்டையொன்றால் இணையுங்கள். வட்டத்தைச் சுற்றினால் சிறுபட்டை துடைப்பானைப் போல் ஆடும். அடுத்து, இணைப்பிலுள்ள ஒரு துளையைப் பெரிதாக்கிவிட்டுச் சுற்றுங்கள். பட்டை தாமதித்து, குறைவாகவே ஆடும். தேய்ந்த புஷ் செய்யும் தீங்கு இதுதான்.

பழுதின் அறிகுறிகள்

மோட்டார் ஒலிக்கிறது, துடைப்பான் அசையவில்லை என்றால் மூட்டு கழன்றிருக்கலாம். அல்லது துடைப்பான் கையைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்திருக்கலாம். ஒன்று ஓடி மற்றொன்று நின்றாலும் அவ்வாறே. 'டக், டக்' என்ற ஒலியும், விரைவாக ஓடுகையில் துடைப்பான் எல்லை மீறிக் கண்ணாடிச் சட்டத்தில் மோதுவதும் தேய்மானத்தைக் காட்டும். இரண்டும் மெதுவாக முனகிக்கொண்டு ஓடினால், அச்சு துருவேறி இறுகியிருக்கக்கூடும். மோட்டாரின் ஒலியே இல்லையெனில் முதலில் ஃபியூசைப் பார்க்க வேண்டும். இவற்றை ஆராயாது மோட்டாரை மாற்றுவது, பல்வலிக்குக் காதை அறுப்பது போன்றதாகும்.

பழுது நீக்கும் முறை

இது பெரியவர்கள் செய்யும் பணி. பிள்ளைகள் அருகில் நின்று பார்க்கலாம். கை வைத்தல் ஆகாது.

முதலில் துடைப்பானை ஓட்டி, சுவிட்சால் நிறுத்தி, அது தன் இருப்பிடத்தில் அடங்கியபின் பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்ற வேண்டும். மின்சாரம் இருக்கையில் இத்தண்டுகளுக்கிடையே விரலை நுழைத்தால் விரல் நசுங்கும். துடைப்பான் நிற்குமிடத்தைக் கண்ணாடியில் ஒட்டுத்தாளால் குறித்துக்கொண்டு, நட்டைக் கழற்றி, கையை மெல்ல அசைத்து எடுக்க வேண்டும். பின், கண்ணாடிக்கு அடியிலுள்ள மூடியை அகற்றினால் தண்டுகள் தெரியும். அங்கே தேங்கிய சருகுகளை அள்ளி, நீர் வடியும் துளைகளைத் திறந்துவிட வேண்டும். ரப்பர்த் தோட்டத்து மரநிழலில் நிற்கும் வண்டிகளுக்கு இது மிக முக்கியம்.

ஒவ்வொரு மூட்டையும் கையால் அசைத்துப் பார்த்துத் தளர்ந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய புஷ்ஷை நெம்பி எடுத்து, குண்டைத் துடைத்து, அளவொத்த புதியதைப் பொருத்த வேண்டும். புதிய வளையத்தைச் சற்று நேரம் சுடுநீரில் இட்டால் அது இளகும்; கிரீஸ் தடவிக் குறடால் அழுத்தினால் எளிதில் உட்காரும். இரும்புக் குண்டே தேய்ந்திருந்தாலும், வளையம் அமரும் துளை நீண்டிருந்தாலும், புதிய புஷ் நிலைக்காது. அத்தண்டையே மாற்ற வேண்டும். கம்பி கட்டி ஓட்டுவது வீடு சேர்வதற்கு மட்டுமே. இறுகிய அச்சைத் துரு நீக்கி, கிரீஸ் இட்டால் மோட்டாரின் சுமையும் குறையும்.

யாவும் பொருத்தியபின், துடைப்பான் கைகளை மாட்டுமுன் மோட்டாரை ஒருமுறை ஓட்டி, அது தன் இருப்பிடத்தில் நிற்குமாறு விட வேண்டும். அதன்பின் பழைய குறியின்படி கைகளை மாட்டி, கண்ணாடியை நனைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். உலர்ந்த கண்ணாடியில் ஓட்டினால் புதிய மூட்டிற்கும் வீண் சுமை.

தேக்கா மக்கள் முன்பு பழைய உதிரிப் பொருள்களுக்கு அருகிலிருந்த சுங்கை சாலைப் பழம்பொருள் சந்தையை நாடுவதுண்டு. அது 2017 சூலை 10ஆம் நாள் மூடப்பட்டது. எனவே என் மைத்துனரும் நானும் ஜாலான் புசார் பக்கத்துக் கடைகளில் ஏறி இறங்கி, பழைய வளையத்தைக் காட்டிப் புதியதை வாங்கினோம். விலை சில வெள்ளிகளே. அன்று மாலையே துடைப்பான் ஒலியின்றி ஓடியது.

சிங்கப்பூரில் 10 ஆண்டுகளைக் கடந்த கார்கள் ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. நல்ல விதியே. ஆனால் பரிசோதனை ஆண்டில் ஒரு நாள்; அங்கே மழை பெய்வதோ ஏறத்தாழ 170 நாள். எஞ்சிய நாள்களில் பரிசோதகர் நாமே அல்லவா?

நம் தோட்டத்திலும் விடியற்காலை இருளில் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் லோரிகள் உண்டு. பிள்ளைகளை ஏற்றிவரும் வேன்களும் உண்டு. அவற்றை ஓட்டும் அன்பர்களே, அடுத்த மழைக்குமுன் ஒருமுறை துடைப்பானைக் கையால் அசைத்துப் பாருங்கள். அதன் ஒலிக்குச் செவி சாயுங்கள். விரல் நுனியளவு வளையம் ஒன்று, வண்டிக்குள் இருப்போரையும் சாலையில் குடைபிடித்துச் செல்வோரையும் சேர்த்தே காக்கிறது.