ஊன ஓய்வூதியமும் மேல்முறையீடும்

போர்முனையில் குண்டு பட்டுத் திரும்பும் வீரரின் துன்பம் யாவர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் ராணுவத்திலிருந்து உடற்குறையின் பேரில் அனுப்பப்படுவோரில் பலர் எந்தப் போரிலும் காயம் பட்டவர் அல்லர். வலிப்பு நோய், இரத்த அழுத்தம், மனநோய், செவிக்குறைவு என இவற்றுள் ஒன்று அவர்களைப் பற்றியிருக்கும். திடகாத்திரமானவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டுச் சேர்ந்த இளைஞர், எட்டு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு தகரப் பெட்டியும் சில தாள்களுமாக ஊர் திரும்புகிறார். அத்தாள்களில் உள்ள இரண்டொரு சொற்களே அவருடைய எஞ்சிய வாழ்நாளின் வருவாயை நிர்ணயிக்கின்றன. அச்சொற்களின் பொருள் என்ன, அவற்றை எதிர்த்து முறையிட வழி என்ன என்பதை இங்கே நாம் ஆராய்வோம்.

'மெடிக்கல் போர்டு' என்று சிப்பாய்கள் சொல்லும் மருத்துவக் குழு இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுகிறது. ஒன்று, இந்நோய்க்கு ராணுவ சேவை காரணமா, அல்லது முன்பே இருந்த நோயைச் சேவை அதிகமாக்கியதா? மற்றொன்று, ஊனத்தின் அளவு எத்தனை சதவிகிதம்? தரைப்படைக்கான 1961-ஆம் ஆண்டு ஓய்வூதிய ஒழுங்குமுறைகளின் 173-ஆம் விதி, சேவையால் உண்டான அல்லது சேவையால் மிகுந்த ஊனம் 20 சதவிகிதமோ அதற்கு மேலோ இருந்தால் ஊன ஓய்வூதியம் உண்டு என்று கூறுகிறது. இவ்வோய்வூதியம் சேவைப் பகுதி, ஊனப் பகுதி என்னும் இரு பகுதிகளைக் கொண்டது.

நிராகரிப்புக் கடிதங்களில் மிகுதியாகக் காணப்படும் வாசகம், 'சேவையால் உண்டானதும் அன்று, சேவையால் மிகுந்ததும் அன்று' என்பதே. ஆங்கிலத்தில் இதன் முதலெழுத்துகளைச் சேர்த்து 'நானா' என்று சுருக்கி வழங்குகிறார்கள். தமிழ்ச் சிப்பாய் ஒருவர் இதைக் கேட்டால், 'என் நோய்க்குப் பொறுப்பு நானா?' என்று வினவத்தான் தோன்றும். அந்த வினா நியாயமானதே. சட்டமும் அதற்கு விடை கூறியிருக்கிறது.

1982-ஆம் ஆண்டு உரிமை விதிகள் ஓர் அனுமானத்திலிருந்து தொடங்குகின்றன. சேர்க்கையின்போது நடந்த பரிசோதனையில் நோய் எதுவும் குறிக்கப்படாவிடில், அவர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தார் என்றே கொள்ளவேண்டும். பின்னர் நேர்ந்த நலிவு சேவையால் நேர்ந்ததாகக் கருதப்படும். நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரருடையது அன்று. ஐயம் எழுமிடத்து அதன் பயன் அவருக்கே செல்லவேண்டும். சேர்க்கையின்போது அந்நோயைக் கண்டுபிடித்திருக்க இயலாது என்று மருத்துவர்கள் கருதினால், அதற்கான காரணங்களை அவர்கள் எழுத்தில் தரவேண்டும்.

இவ்விதிகளுக்கு உயிரூட்டியது 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு. 1985-இல் சமிக்ஞைப் படையில் சேர்ந்த ஒரு சிப்பாய், வலிப்பு நோயால் 20 சதவிகித ஊனம் என்று கணிக்கப்பட்டு 1994-இல் வெளியேற்றப்பட்டார். அந்நோய் உடலமைப்பைச் சார்ந்த கோளாறு என்று கூறி ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. அவர் சேர்ந்தபோது அப்படி ஒரு குறிப்பும் இல்லை. மருத்துவக் குழு காரணமும் கூறவில்லை. ஆகவே ஓய்வூதியம் தரப்படவேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம் கூறாத மருத்துவக் குழுவின் கருத்தைக்கொண்டு ஓய்வூதியத்தை மறுக்கலாகாது என்பதை 2025 மே மாதத்திலும் அதே நீதிமன்றம் வலியுறுத்தியது.

எனினும் இவ்வனுமானம் அசைக்க முடியாதது என்று எண்ணிவிடலாகாது. சில மனநோய்கள் சேர்க்கைப் பரிசோதனையில் புலப்படாதவை. ஆகவே குறிப்பு இல்லை என்பது மட்டுமே போதாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. விடுமுறையில் வீட்டுக்கு வந்தவர் சொந்த வேலையாகச் சென்று விபத்துக்கு உள்ளானால், அந்த விபத்துக்கும் ராணுவக் கடமைக்கும் உள்ள தொடர்பை அவர் காட்டவேண்டியிருக்கும். மனு எழுதுமுன் தம் நிலை எத்தகையது என்பதை ஒவ்வொருவரும் நடுநிலையோடு சீர்தூக்கிப் பார்ப்பது நலம்.

இனிச் சதவிகிதத்துக்கு வருவோம். 2006 முதல், நூறு சதவிகித ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவிகிதம் ஊனப் பகுதியாகக் கணக்கிடப்பட்டது. ஊனம் குறையக் குறைய அத்தொகையும் அதே விகிதத்தில் குறையும். உதாரணமாக, கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்று கொள்வோம். நூறு சதவிகிதத்துக்கு 12,000 ரூபாய். 20 சதவிகிதத்துக்கு 2,400 ரூபாய். ஆனால் 2001 ஜனவரி 31-ஆம் நாள் ஆணை, 50-க்குக் குறைந்த ஊனத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரையுள்ளதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிட வழி செய்தது. அதன்படி மேற்சொன்னவருக்கு 2,400 அன்று, 6,000 ரூபாய் சேரும். பணிக்காலம் முடிந்து ஊனத்தோடு ஓய்வு பெற்றவருக்கும் இச்சலுகை உண்டு என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடற்குறைக்காகவே வெளியேற்றப்பட்டவரின் ஊனம் 20 சதவிகிதத்துக்கு மேற்பட்டதென்றே கொள்ளவேண்டும் என்றும் அதே ஆண்டில் மற்றொரு தீர்ப்பு கூறியது. எனவே 'பதினைந்து சதவிகிதம்தானே' என்ற பதிலைக் கேட்டு வாளாவிருந்துவிட வேண்டியதில்லை.

முறையீட்டின் படிகள் இவை. நிராகரிப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதங்களுக்குள், தம் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸ் வழியாக முதல் மேல்முறையீட்டை அனுப்பவேண்டும். ராணுவத் தலைமையகத்தில் உள்ள முதல் மேல்முறையீட்டுக் குழு அதைப் பரிசீலிக்கும். அங்கும் மறுக்கப்பட்டால் இரண்டாம் மேல்முறையீட்டுக் குழு உண்டு. அதற்கும் அப்பால், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2009-இல் தொடங்கிய ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் முதன்மை அமர்வு புது டெல்லியில் உள்ளது. சண்டிகர், லக்னோ, கொல்கத்தா, சென்னை, கொச்சி முதலிய நகரங்களில் வட்டார அமர்வுகள் உள்ளன. இறுதி ஆணை வந்த ஆறு மாதங்களுக்குள் அங்கே மனுச் செய்யவேண்டும். முறையீட்டுக்கு ஆறு மாதம் வரை விடையே வராவிட்டால், அதன் பின் வரும் ஆறு மாதங்களுக்குள் செல்லலாம். தக்க காரணம் காட்டினால் தாமதத்தைத் தீர்ப்பாயம் மன்னிக்கக்கூடும். தீர்ப்பாயத்தின் ஆணைக்கு எதிராக உயர் நீதிமன்றத்தை நாடத் தடையில்லை என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

காலதாமதம் உரிமையை அறவே அழித்துவிடுவதில்லை. ஆனால் பணத்தை அரித்துவிடும். 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று, பல ஆண்டுகள் கழித்து வழக்குத் தொடுத்தவருக்கு, மனுத் தேதிக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே நிலுவைத் தொகையை அனுமதித்தது.

மனுவில் இரக்கம் கோரும் வாசகங்களைக் காட்டிலும் சான்றுகளே பயன்படும். மருத்துவக் குழு நடவடிக்கைகளின் நகல், சேர்க்கைப் பரிசோதனைக் குறிப்பு, ராணுவ மருத்துவமனைச் சீட்டுகள் ஆகியவற்றை முதலில் திரட்டவேண்டும். நகல் தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி கோரலாம். நோய் முதலில் தோன்றிய தேதி, அப்போது பணியாற்றிய இடம், பனிமலையா பாலைவனமா எல்லைக் காவலா என்ற விவரம், இவற்றை வரிசையாக எழுதவேண்டும். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவி கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் கூறவேண்டும். 2023 செப்டம்பர் 21 முதல் புதிய உரிமை விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அத்தேதிக்குப் பின் பணிக்காலம் முடிந்து ஊனத்தோடு ஓய்வு பெறுவோருக்கு, ஊனப் பகுதிக்குப் பதிலாக வேறு பெயரில் நிவாரணத் தொகை அளிக்கப்படுகிறது. ஆதலால் தாம் வெளியேறிய தேதி எது என்பதை முதலில் பார்த்து, அதற்குரிய விதிகளின்படியே முறையிடவேண்டும். பழைய தீர்ப்புகளின் வாசகத்தைப் புதிய வழக்கில் அப்படியே பொருத்துவது ஏமாற்றம் தரலாம்.

ஊன ஓய்வூதியம் பிச்சையன்று. திடமான உடலை வாங்கிக்கொண்ட நாடு, அது நலிந்த பின் செலுத்தும் கடன் அது. உங்கள் தெருவில் அத்தகைய ஒருவர் இருந்தால், அவர் பெட்டியின் அடியில் கிடக்கும் நிராகரிப்புக் கடிதத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். அதன் தேதியிலிருந்து ஆறு மாதம் ஆகிவிட்டதா என்பதை முதலில் கணக்கிட்டுச் சொல்லுங்கள். ஆகியிருந்தாலும், இன்றே எழுதத் தொடங்கச் சொல்லுங்கள்.