தைப் பட்டத்திற்குப் புழக்கடைத் தோட்டம்

வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓய்கிறது. தை பிறக்கும்போது நிலத்தில் ஈரம் இருக்கும். வெயிலின் கடுமை இராது. இளவேனிலில் குடும்பத்திற்கு வேண்டிய காய்கறிகளைப் பயிரிட இதுவே தக்க தருணம். பங்குனியில் மண்ணைக் கொத்தத் தொடங்குவோருக்கு, கிணற்று நீர் குறையுங் காலத்தில் இளஞ்செடிகளைக் காப்பாற்றும் கஷ்டம் நேரிடுகிறது.

நிலம்: வெயில் படும் ஒரு சென்ட், அதாவது சுமார் 436 சதுர அடி, இருந்தால் நல்லதொரு தோட்டம் அமையும். மண் சேறாயிருக்கையில் கொத்தினால் கட்டி கட்டியாக இறுகிவிடும். கையில் பிடித்தால் உதிரும் பதத்தில் ஓரடி ஆழம் கொத்தி, கோரைக்கிழங்கையும் அறுகம் வேரையும் பொறுக்கிவிட வேண்டும்.

எரு: சென்ட் ஒன்றுக்கு 100 கிலோ மக்கிய தொழுவுரம் இடலாம். பச்சைச் சாணத்தை இடுவது கறையானுக்கும் வேர்ப்புழுவுக்கும் இடமளிப்பதாகும். இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டு, செத்தை, சாணம், சாம்பல், மண் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, ஈரங்காத்து, மும்முறை புரட்டினால் மூன்று மாதங்களில் நல்ல எரு கிடைக்குமென்று காட்டினார். ஆகவே தைக்கு வேண்டிய எருவை ஐப்பசித் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் குழியில் நீர் தேங்குமாதலால் மேட்டில் குவிப்பதே நலம்.

விதை: கத்தரி நாற்று நடுவதற்கு 30 முதல் 35 நாட்கள் ஆகுமாதலால், மார்கழியிலேயே நாற்றுவிட வேண்டும். வெண்டையை வரிசைக்கு வரிசை ஒன்றரை அடியும், செடிக்குச் செடி ஓரடியும் விட்டு ஊன்றலாம். சுரைக்கும் பூசணிக்கும் ஓரடி ஆழக் குழியெடுத்து எருவும் மேல்மண்ணும் நிரப்புக. கீரை விதையை மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும். முளைக்கீரையை மூன்று வாரங்களில் பறிக்கலாம்.

தண்ணீர்: அரிசி, காய்கறி கழுவிய நீரை வாய்க்கால் வழியே பாத்திகளுக்கு விடலாம். சலவைச் சோடா கலந்த நீர் மண்ணைக் கெடுக்கும். அதை விலக்க வேண்டும்.

வைட்டமின் ஏ குறைவினால் குழந்தைகளுக்கு மாலைக்கண் உண்டாகிறது. முருங்கைக்கீரையும் மற்றக் கீரைகளும் அதைத் தடுக்க உதவுவன. எனவே இத்தோட்டம் சந்தைச் செலவைக் குறைப்பதோடு குழந்தைகளின் கண்ணையும் காக்கிறது.

ஒரு சென்ட் கத்தரிக்கு 2 கிராம் விதையே போதுமாதலால், தனித்தனியே வாங்குவது வீண். அங்கத்தினர் சிலர் கூடி ஒரே நாற்றங்காலில் நாற்றுவிட்டுப் பங்கிட்டுக்கொண்டால் செலவும் குறையும். கூட்டுறவின் பயனும் விளங்கும்.