சதுர அடிக் கணக்கும் சாவி நாளும்

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் பில்டர் என்று வழங்கப்படும் கட்டுநரிடமிருந்து புதிய அடுக்குமாடி வீடு வாங்குவது, பேச்சுவழக்கில் ஒரே கிரயமாகச் சொல்லப்பட்டாலும், சட்டத்தின் கண்ணில் இரு வேறு காரியங்களின் சேர்க்கையாகும். மனையில் ஒரு பங்கைக் கிரயம் பெறுவது ஒன்று. அந்தப் பங்குக்கு உரியதாக ஒரு வீட்டைக் கட்டித் தரும் பொறுப்பைக் கட்டுநரிடம் ஒப்படைப்பது மற்றொன்று. முதலாவதற்குக் கிரயப் பத்திரமும் இரண்டாவதற்குக் கட்டுமான ஒப்பந்தமும் தனித்தனியே எழுதிக்கொள்வதே தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கமாக இருந்தது. மாதிரி வீட்டின் பளிங்குத் தரையிலும் மாடுலர் சமையலறையிலும் கண் நிலைத்துப்போகும் வாங்குநர், தமக்கு வரும் மனைப் பங்கு எவ்வளவு என்று கேட்பது பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான்.

அந்தப் பங்குக்குப் பத்திரங்களில் ‘பிரிபடாத பாகம்’ என்று பெயர், தரகர்கள் ‘யு.டி.எஸ்.’ என்பார்கள். மொத்த மனையில் இன்ன மூலை இன்னாருக்கு என்று வேலி போட்டுப் பிரிக்க முடியாதபடி, வீட்டின் பரப்புக்கு ஏற்ற விகிதத்தில் ஒவ்வொருவருக்கும் சேரும் உரிமையே அது. கணக்கு எளிது. ஐந்து கிரவுண்ட், அதாவது 12,000 சதுர அடி மனையில் எல்லா வீடுகளின் பரப்பும் சேர்ந்து 24,000 சதுர அடி என்று கொண்டால், 1,200 சதுர அடி வீட்டுக்கு 600 சதுர அடி மனை சேரும். அதே மனையில் உயரமான கட்டடம் எழுப்பி 39,000 சதுர அடி விற்கப்பட்டால், அதே அளவு வீட்டுக்கு 369 சதுர அடிதான் தேறும். எனவே அருகருகே உள்ள இரு கட்டடங்களில் சதுர அடி விலை ஒன்றாக இருந்தாலும், வாங்கும் பொருள் ஒன்றல்ல. இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது, எல்லா வீடுகளுக்கும் ஒதுக்கப்பட்ட பங்குகளைக் கூட்டினால் மனையின் முழு அளவு வருகிறதா என்பதாகும். வராவிட்டால், எஞ்சிய பங்கு கட்டுநர் பெயரிலோ மனை உரிமையாளர் பெயரிலோ தங்கிவிட்டது என்று பொருள். பின்னொரு நாளில் மொட்டை மாடியின் மேல் இன்னொரு தளம் எழுப்பும் பேச்சு வரும்போது அந்த எச்சத்தின் கதை தெரியவரும். பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் காலத்திலும் இந்தப் பங்கே பேசும். 1994 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்து 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் இருந்தால் மறுகட்டுமானத்துக்கு வழிவிடுகிறது.

மனையின் கணக்கு இப்படியென்றால், வீட்டின் கணக்கு இன்னும் குழப்பமானது. ‘சூப்பர் பில்ட்-அப்’ என்பது படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை முதலிய பொது இடங்களில் ஒரு பங்கையும் வீட்டோடு சேர்த்துச் சொல்லும் விற்பனை அளவாகும். 2016 ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், அதாவது மக்கள் வழக்கில் ‘ரெரா’, இதற்கு மாற்றாகக் ‘கார்ப்பெட் பரப்பு’ என்பதை வரையறுத்தது. வெளிச்சுவர்கள், குழாய்கள் செல்லும் குழிகள், பால்கனி, தனி மொட்டை மாடி ஆகியவற்றைத் தள்ளி, உட்சுவர்களைச் சேர்த்து, வீட்டுக்குள் உண்மையில் புழங்கக்கூடிய இடம் அது. விளம்பரத்தில் 1,200 என்றிருக்கும் வீட்டுக்குள் டேப் பிடித்து அளந்தால் 850 வருவது அதிசயமன்று. கட்டில் போடுவது அந்த 850க்குள்தான்.

மனையின் உரிமையைச் சரிபார்ப்பது வழக்கறிஞரின் வேலை என்றாலும், எந்தத் தாள் எதைச் சொல்லும் என்பதை வாங்குநரும் அறிந்திருப்பது நல்லது. மூலப் பத்திரம் மனை கைமாறி வந்த வழியைக் காட்டும். வில்லங்கச் சான்றிதழ், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றை மட்டும் காட்டும். பதிவு செய்யப்படாத உயிலும் நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள பாகப்பிரிவினை வழக்கும் அதில் இடம்பெறாமல் போகலாம். ஆகவே வில்லங்கம் ‘கிளியர்’ என்ற ஒரு சொல்லோடு திருப்தியடைவது போதாது. மனை உரிமையாளரும் கட்டுநரும் கூட்டாகக் கட்டும் இடங்களில் கட்டுநர் ‘பவர்’ எனப்படும் பொது அதிகார ஆவணத்தின் பேரில் கையெழுத்திடுவார். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துபோகும் என்பதால், கிரயம் நடக்கும் நாளில் அவர் உயிரோடிருப்பதற்கான சான்று தேவைப்படுகிறது.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ கட்டி விற்கப்படும் திட்டம், ரெராவின்படி ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெறாமல் விளம்பரம் செய்யவும் முன்பணம் வாங்கவும் கூடாது. வாங்குநர்களிடம் திரட்டும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்தின் மனைக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும். ஒரு திட்டத்தின் பணத்தில் இன்னொரு மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் பழைய வழக்கத்துக்குப் போடப்பட்ட கடிவாளம் இது. ஆனால் பதிவு எண்ணையோ திட்ட அனுமதியையோ கட்டடத்தின் உறுதிக்கான முத்திரையாகக் கொள்வது தவறு. சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, அக்கட்டடத்துக்குச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி இருந்தது. உயரம், பக்க இடைவெளி, தளப்பரப்பு ஆகியவற்றை அனுமதி சொல்லும். கம்பியும் சிமெண்டும் கலந்த விதத்தை அது சொல்லாது. மண் பரிசோதனை அறிக்கையும் கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடமும் கேட்டுப் பெறத்தக்கவை. கேட்பவர்கள் மிகக் குறைவு.

பணம் கைமாறும் முறையில்தான் வாங்குநரின் பிடி தளர்கிறது. பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்று ரெரா சொல்கிறது. அதற்குப் பிறகு அஸ்திவாரம், ஒவ்வொரு தளத்தின் கான்கிரீட், செங்கல் வேலை, பூச்சு வேலை என்று கட்டங்களுக்கேற்பத் தவணை வசூலாகும். கடைசித் தளம் போட்டு முடிக்கும்போதே விலையில் பெரும்பகுதி வசூலாகிவிடும்படி அட்டவணை எழுதப்பட்டிருந்தால், குழாய், மின்கம்பி, ஓடு, வர்ணம் ஆகிய நீண்ட காலம் பிடிக்கும் வேலைகளை விரைந்து முடிக்கக் கட்டுநருக்கு எந்த அவசரமும் இராது. ஒப்பந்த வாசகங்களும் பெரும்பாலும் ஒருபக்கமாகவே சாய்ந்திருக்கும். குருகிராம் குடியிருப்பு ஒன்றைப் பற்றிய வழக்கில், வாங்குநர் தவணைக்குத் தாமதித்தால் 18 விழுக்காடு வட்டி, கட்டுநர் திருப்பித் தர நேர்ந்தால் 9 விழுக்காடு என்றிருந்த ஒப்பந்தத்தை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், இத்தகைய ஒருதலைப்பட்ச நிபந்தனைகள் வாங்குநரைக் கட்டுப்படுத்தா என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ரெராவின்படி இரு தரப்புக்கும் வட்டி விகிதம் ஒன்றே. தமிழ்நாட்டு விதிகள் அதை ஸ்டேட் வங்கியின் கடன் வட்டி அளவுகோலுக்கு மேல் 2 விழுக்காடு என்று வைத்துள்ளன. குறித்த நாளில் வீடு தரப்படாவிட்டால், வட்டியோடு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். அல்லது ஒப்பந்தத்தில் நீடித்து, தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி பெறலாம்.

வரிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனைப் பங்குக்கும் கட்டுமானத்துக்கும் தனித்தனிக் கட்டணம் என்றிருந்த முறைக்கு மாற்றாக, 2023 டிசம்பர் முதல் இரண்டையும் சேர்த்த கூட்டு மதிப்பின் மேல் ஒரே கிரயப் பத்திரம் பதியும் முறை வந்தது; அதன்படி புதிய வீட்டின் மதிப்பு 50 லட்சம் வரை இருந்தால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 6 விழுக்காடு, அதற்கு மேல் 3 கோடி வரை 7 விழுக்காடு. கட்டுமானத்திலுள்ள வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, சென்னையில் 60 சதுர மீட்டருக்கும் 45 லட்சத்துக்கும் மிகாத வீட்டுக்கு 1 விழுக்காடு. பணி நிறைவுச் சான்றிதழ் கிடைத்த பின் விற்கப்படும் வீட்டுக்கு இந்த வரி கிடையாது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குநரே 1 விழுக்காட்டைப் பிடித்து வருமான வரித் துறைக்குச் செலுத்த வேண்டும்.

அந்தப் பணி நிறைவுச் சான்றிதழ், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின்படியே கட்டடம் எழுந்திருக்கிறது என்று திட்ட அதிகாரிகள் தரும் ஒப்புதலாகும். சிறு கட்டடங்கள் சிலவற்றைத் தவிர, நிரந்தர மின் இணைப்புக்கும் குடிநீர், கழிவுநீர் இணைப்புக்கும் அது கேட்கப்படும். அது வருவதற்கு முன்பே நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடியேறும் குடும்பங்கள், தற்காலிக மின் இணைப்பின் கூடுதல் கட்டணத்திலும் லாரித் தண்ணீரிலும் மாதக்கணக்கில் காலந்தள்ள நேர்கிறது. கிரகப் பிரவேச முகூர்த்தத்துக்கு இருக்கும் மதிப்பு அந்தச் சான்றிதழுக்கு இன்னும் வரவில்லை.

வீட்டைக் கையேற்கும் நாளில் செய்ய வேண்டிய பரிசோதனைகளுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. குளியலறையின் வடிகால் துளையைத் துணியால் அடைத்து, இரண்டங்குலம் தண்ணீர் தேக்கி ஒரு நாள் முழுதும் விட்டு, கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் பூக்கிறதா என்று பார்க்கலாம். தரை ஓடுகளை நாணயத்தால் தட்டினால், அடியில் கலவை நிரம்பாத ஓடு வெற்றுக் குடம் போல ஒலிக்கும். தண்ணீர் வடிகாலை நோக்கி ஓடாமல் வாசற்படியை நோக்கி ஓடினால், சாய்வு தவறு; ஓட்டைப் பெயர்த்துத்தான் அதைச் சரிசெய்ய முடியும். இவற்றையெல்லாம் எழுத்தில் பட்டியலிட்டுக் கட்டுநரின் கையெழுத்தைப் பெற்ற பின்னரே கடைசித் தவணையைக் கொடுப்பது முறை. சாவியோடு சேர்த்து நீட்டப்படும் கடிதத்தில், எல்லா வேலைகளும் திருப்தியாக முடிந்தன, இனிக் கோரிக்கை எதுவுமில்லை என்ற வாசகம் இருந்தால், அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுவதில் தவறில்லை. கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரியவந்து அறிவித்தால், 30 நாட்களுக்குள் செலவின்றிச் சீர்செய்து தர வேண்டிய கடமை கட்டுநருக்கு ஐந்து ஆண்டுகள் உண்டு. அந்த ஐந்து ஆண்டுகள் எண்ணப்படுவது வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து. ஆகவே தேதியிட்ட ஒப்படைப்புக் கடிதத்தைக் கிரயப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.