பூட்டனார் பெயர் என்ன? பழைய சபைப் பதிவேடு சொல்லும்!

சித்தூர்:

தகப்பனார் பெயரைக் கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பாட்டனார் பெயரும் பலருக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டால், சித்தூரிலும் திருப்பதியிலும் பிழைப்பு நடத்தும் நம்மவர்களில் பெரும்பாலோர் விழிப்பார்கள்.

அடுத்த வீட்டுத் தெலுங்கருக்கு இந்தச் சங்கடம் குறைவு. அவருக்கு "இண்ட்டி பேரு" என்ற வீட்டுப் பெயர் உண்டு. அது தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரும். நமக்கோ ஓர் எழுத்து இனிஷியல்தான். அதுவும் மகன் காலத்தில் மாறிவிடும். நிலபுலன் இருந்த குடும்பத்துக்காவது பத்திரமும் பட்டாவும் பேசும். கூலி வேலை செய்து மறைந்த ஏழையின் பெயரை எழுதி வைத்தவர் யார்?

எழுதி வைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். பழைய மிஷன் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் அதற்குச் சாட்சி.

இரண்டு மிஷன்கள்

அமெரிக்க சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஆற்காடு மிஷன் 1853-ல் அமைந்தது. சித்தூர் அதன் ஆரம்ப கால நிலையங்களில் ஒன்று. திருப்பதி, காளஹஸ்திப் பக்கம் 1860-களில் ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் வந்து சேர்ந்தது. குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ராதாகிருஷ்ணன் சிறு வயதில் படித்தது திருப்பதியில் இருந்த அந்த மிஷன் பள்ளியில்தான்.

ஞானஸ்நானம் கொடுத்தால் ஏட்டில் பதிய வேண்டும் என்பது சபை வழக்கம். தேதி, பெயர், பெற்றோர் பெயர், ஊர், கொடுத்த போதகரின் பெயர் ஆகியவை ஒரே வரியில் அடங்கிவிடும். பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் வந்ததே 1969-ல். அதற்கு முன் பிறந்த எத்தனையோ பேருக்கு இந்த ஒரு வரிதான் ஆதாரம்.

உதவுகிறவர் வேலை

"எங்கள் முன்னோர் பெயர் இருக்கிறதா?" என்று வருகிறவருக்கு ஏட்டைப் புரட்டிக் காட்டுவது போதகர் அல்லது சபை ஊழியரின் வேலை. இது லேசான காரியமல்ல. காகிதம் தொட்டால் உதிரும், மை மங்கியிருக்கும், கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறும்.

பெயரிலும் ஒரு சிக்கல். முனியன் என்பவர் ஞானஸ்நானம் பெற்று யோசேப்பு ஆனார் என்று வைத்துக்கொள்வோம். பேரன் முனியனைத் தேடுவான். ஏட்டில் யோசேப்பு இருப்பார். அதுவும் ஒரே ஏட்டில் பத்து யோசேப்பு! தாயார் பெயரும் ஊரும் தெரிந்தால்தான் நம் யோசேப்பு யார் என்று பிரித்தறிய முடியும்.

ஜில்லா மாறிய கதை

அடுத்த சிக்கல் ஜில்லா. 1911 ஏப்ரல் 1-ந் தேதி சித்தூர் ஜில்லா உருவானது. அதற்கு முன் சித்தூரும் திருப்பதியும் வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தன. அந்த ஜில்லாவுக்குத் தலைநகரே சித்தூர்தான். 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாகியது. குடும்பம் ஒரே ஊரில் இருந்திருக்கும். காகிதத்தில் மட்டும் மூன்று ஜில்லா!

இதனால் கடல் கடந்து போனவர்களின் சந்ததியாரும் திணறுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற "ட்ரூரோ" கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16-ந் தேதி டர்பன் சேர்ந்தது. 1911 வரை அங்கே போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் வட ஆற்காட்டார் ஏராளம். கப்பல் பட்டியலில் தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் உண்டு. "வட ஆற்காடு" என்று கண்டவுடன் வேலூரிலேயே தேடி ஓய்ந்து போகிறவர், தாலுகாவையும் பார்க்க வேண்டும். ஊர் சித்தூர்ப் பக்கமாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் ஊழியம்

இப்படித் தேடிக் கொடுப்பதையே ஊழியமாகச் செய்வோரும் உண்டு. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் சபையார், சம்பளம் இல்லாமல் மாதக்கணக்கில் இந்த வேலையைச் செய்கிறார்கள். 1938 முதல் பல நாட்டு ஏடுகளை மைக்ரோபிலிமில் படம் பிடித்தனர். ஹரித்துவார் பண்டாக்களின் வம்சாவளி ஏடுகளும் அதில் அடக்கம். அவர்களுடைய "ஃபேமிலி சர்ச்" தளத்தில் கம்ப்யூட்டர் மூலம் காசில்லாமல் தேடலாம். ஆனால், நம்மூர்ச் சபை அலமாரியில் இருப்பதெல்லாம் அங்கே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஸ்கடர் குடும்பமும் உபதேசியாரும்

1819-ல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்த டாக்டர் ஜான் ஸ்கடரின் பிள்ளைகள்தாம் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். வேலூர் ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மிஷன் பணி செய்த அந்தக் குடும்பத்தின் வரலாறு 1984-ல் தனிப் புத்தகமாகவே வந்துவிட்டது. அவர்களுடன் வெயிலில் ஊர் ஊராக நடந்த உபதேசியாருக்கு அப்படி ஒரு புத்தகம் யார் எழுதுவார்கள்? பதிவேட்டில் உள்ள ஒரு வரிதான் அவருடைய சரித்திரம். கரையான் அரித்துவிட்டால் அதுவும் போயிற்று.

போகுமுன் செய்ய வேண்டியது

சபைக்குப் போகுமுன் வீட்டில் உள்ள முதியவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். பெயர், பழைய பெயர், தாயார் பெயர், ஊர், ஏறக்குறைய எந்த வருஷம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். "தாதுப் பஞ்சத்துக்குப் பின்" என்று பாட்டி சொன்னால் அதையும் எழுதுங்கள். அது 1876-78 என்று ஏடு பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். ஆராதனை நேரத்தில் போகாமல், போதகரிடம் முன்கூட்டியே நாள் கேட்டுப் போவது நல்லது.

கிறிஸ்தவர் அல்லாதவர்களும் கைவிட வேண்டியதில்லை. மிஷன் பள்ளிகளில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். பழைய பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு எஞ்சியிருந்தால் அதில் தகப்பனார் பெயர் இருக்கும்.

காட்பாடியில் ரயிலேறி சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் இன்று தெலுங்கில் படிக்கிறார்கள். தாங்கள் எந்த ஊரார் என்று நாளை அவர்கள் கேட்பார்கள். சொல்லத் தெரிந்த பெரியவர் இன்று திண்ணையில் இருக்கிறார். அடுத்த பொங்கலுக்கு இருப்பாரா? பதிவேடு காத்திருந்தாலும் அவர் காத்திருக்க மாட்டார். நோட்டும் பேனாவும் இன்றைக்கே எடுங்கள்.