காற்றை அளக்கும் மரக்கால்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தால் பெயர் பெற்ற ஊர். மேற்கு மலைகளில் விளையும் ஏலம் இங்கு வந்து ஏலத்திற்கு விடப்படுகிறது. நிறுக்கும் கருவி முத்திரை பெற்றதா என்பதை அரசு அலுவலர் ஆராய்வர். வாங்குவோரும் அதில் கண்ணாயிருப்பர். ஏலத்தை நிறுப்பதற்கே இத்துணை விழிப்பு வேண்டுமாயின், நாம் உயிர்க்கும் காற்றை அளப்பதற்கு எத்துணை விழிப்பு வேண்டும்!

இவ்வூருக்கு அண்மையில் மலையடிவாரத்தில் உள்ளது குரங்கணி. 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் இதன் மலைச்சரிவில் காட்டுத்தீ மூண்டது. மலையேறச் சென்றவர்கள் அதில் சிக்கிக்கொள்ள, பலர் உயிரிழந்தனர். காட்டுத்தீயின் கொடுமை தழலோடு முடிவதன்று. புகையில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் மிகுதி. தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கும் இல்லாத இவை நுரையீரலின் ஆழம்வரை செல்லும்.

இத்துகள்களை அளக்கும் கருவி காற்றை உறிஞ்சி ஒரு வடிதாளின் வழியே செலுத்துகிறது. தாளின் எடை எவ்வளவு கூடிற்று என்பதை நுண்தராசு காட்டும். அவ்வெடையை உட்சென்ற காற்றின் பருமனால் வகுத்தால் மாசின் அளவு கிடைக்கும். எடை பிழையின்றி இருந்து பருமன் பிழைபட்டால் விடையும் பிழையே.

ஒரு கணக்கால் இதனை அறியலாம். நிமிடத்திற்கு 16.67 லிட்டர் உறிஞ்சும் கருவியில் ஒரு நாளில் 24 கனமீட்டர் காற்றுச் செல்லும். தாளில் 1440 மைக்ரோகிராம் படிந்தால் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் ஆகிறது. ஒரு நாள் சராசரிக்கு 2009இல் இந்திய அரசு விதித்த வரம்பும் அதுவே. ஆயின், உண்மையில் உறிஞ்சப்பட்டது நிமிடத்திற்கு 15 லிட்டர்தான் எனில் மாசு 66.7 ஆகிவிடும். வரம்பு கடந்த காற்றை வரம்புக்குட்பட்டதென எழுதிவைத்த பிழை நேரும். ஓட்டம் தளர்ந்தால் துகள்களைப் பிரிக்கும் வாயிலும் தன் தொழிலில் தவறிப் பெருந்துகள்களை உள்ளே விட்டுவிடும். புகை மிகும் நாளில்தான் வடிதாள் அடைபட்டு ஓட்டம் குறையும்; உண்மை பெரிதும் வேண்டப்படும் அன்றே கருவி தடுமாறுகிறது!

ஆதலின் ஓட்டத்தைச் சரிபார்த்தல் இன்றியமையாதது. தொழிலாளர் இடுப்பில் அணியும் சிறு கருவிக்குச் சோப்புக் குமிழியே போதும். ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் குழாயில் மெல்லிய சோப்புப் படலம் ஒன்று மேலேறும். கீழ்க் கோட்டிலிருந்து மேற்கோட்டை அடைய அது 30 விநாடி கொண்டால், ஓட்டம் நிமிடத்திற்கு 2 லிட்டர் எனத் தெளியலாம். சிறுவர் ஊதி விளையாடும் குமிழி இங்கே நடுவராகிறது. பெரிய கருவிக்கு, முன்னரே சரிபார்க்கப்பட்ட ஓட்டமானியை வாயிலில் பொருத்தி ஒப்பிடுவர்.

சரிபார்த்த இடமும் கருதத்தக்கது. முற்காலத்தில் டாப் ஸ்டேசனிலிருந்து தேயிலை கம்பிவழியே குரங்கணிப் பக்கம் இறங்கியது. அவ்வுச்சி ஏறத்தாழ 1700 மீட்டர் உயரமுடையது. அங்குக் காற்றின் அடர்த்தி குறைவு. மிதவை ஏறியிறங்கும் ஓட்டமானியைக் கடலோரத்தில் சரிபார்த்து அங்குக் கொண்டுசென்றால், அது உண்மையினும் பத்தில் ஒரு பங்களவு குறைத்தே காட்டும். மெல்லிய காற்று மிதவையைப் போதிய அளவு உந்தாமையே காரணம். காற்றின் கணக்குக் குறைய, மாசின் கணக்கு ஏறிவிடும்; முன்னர்க் கண்ட பிழைக்கு இது நேர்மாறானது.

இதனால் தேர்ந்தவர்கள் கருவி நிற்கும் இடத்திலேயே ஓட்டத்தை அளப்பர். அவ்விடத்து வெப்பத்தையும் அழுத்தத்தையும் குறிப்பர். பணி தொடங்குமுன் ஒரு முறையும் முடிந்தபின் ஒரு முறையும் ஓட்டத்தை ஒப்பிட்டு, வேறுபாடு மிகுந்திருப்பின் அன்றைய தாளை நீக்கிவிட்டு, மறுநாள் புதுத் தாள் இட்டுத் தொடங்குவர்.