போர்க்கப்பல் தாங்கிய பெயர்

கணினியியலின் முன்னோடிகளுள் ஒருவரான கிரேஸ் மறே ஹொப்பர் (1906–1992) பெற்ற கௌரவங்களை வரிசையாக நோக்கும்போது, அவரது பணியின் பெறுமதியோடு, அதனை உலகம் விளங்கிக்கொள்ள எடுத்த காலமும் சேர்ந்தே புலப்படுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 மார்ச் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பலான சரட்டோகா திருகோணமலைத் துறைமுகத்தை அடைந்து, பிரித்தானியக் கீழைக் கடற்படையுடன் இணைந்து, ஏப்ரல் 19இல் சுமாத்திராவின் வடமுனைக்கு அப்பாலுள்ள சபாங்கைத் தாக்கியது. கப்பலில் பொருத்திய பீரங்கியை எந்தச் சாய்வில் இயக்கினால் குண்டு எவ்வளவு தொலைவில் விழும் என்பதைக் கூறும் அட்டவணைகள் இல்லாமல் அக்காலக் கடற்போர் நடந்திருக்க முடியாது. அத்தகைய கணிப்புகளுக்காகவும் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் 51 அடி நீளமான ‘மார்க் 1’ கணிப்பொறி இயங்கியது. யேல் பல்கலைக்கழகத்தில் 1934இல் கணிதக் கலாநிதிப் பட்டம் பெற்றிருந்தும், வயது கூடியவர், எடை குறைந்தவர் என முதலில் கடற்படை சேர்க்கத் தயங்கிய ஹொப்பர், 1944 ஜூலையில் அப்பொறியின் பணியில் அமர்ந்தார்.

பின்வந்த கௌரவங்கள் பெரும்பாலும் போர்க்காலக் கணிப்புகளுக்காக அன்றி, 1950களில் அவர் விடாது வலியுறுத்திய ஒரு கருத்துக்காகவே கிடைத்தன. கணினிக்கு எண்வடிவக் கட்டளைகளே விளங்கும் என்பதால் மனிதர் அவற்றை எழுதிப் பழக வேண்டும் என்பதே அன்றைய நியதி. மனிதர் தமக்கு இயல்பான சொற்களில் செய்நிரலை, அதாவது கணினிக்கான கட்டளைத் தொடரை, எழுத, அதனைப் பொறிக்கேற்ற வடிவுக்கு மாற்றும் வேலையைக் கணினியே செய்யட்டும் என்றார் ஹொப்பர். இவ்வாறு மாற்றும் மென்பொருள் தொகுப்பான் எனப்படும். அதன் தொடக்க வடிவான ‘ஏ-0’ 1952இல் அவர் கையால் உருவானது. அதன் வழிவந்த ‘ஃப்ளோமாற்றிக்’ ஆங்கிலச் சொற்களால் இயங்க, 1959இல் வகுக்கப்படத் தொடங்கிய ‘கோபோல்’ மொழிக்கு அதுவே முக்கிய அடித்தளமாயிற்று. பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களாலும் அதே செய்நிரலை இயக்கலாம் என அவர் காட்டியபோது, அமெரிக்கக் கணினி அயல்மொழியை எவ்வாறு விளங்கிக்கொள்ளும் என அவர் பணியாற்றிய நிறுவனத்தின் நிர்வாகம் அஞ்சியதாம். பொறிக்குத் தாய்மொழி கிடையாது என்ற இவ்வுண்மையின் மீதுதான் முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ்ச் செய்நிரல் மொழியும் நிற்கிறது; திருகோணமலை மாவட்டத்தின் தமிழ் மாணவருக்கு ஹொப்பரின் வரலாறு அயலாரின் வரலாறு அன்று.

1969இல் அவருக்கு வழங்கப்பட்ட ‘ஆண்டின் சிறந்த கணினி அறிவியலாளர்’ விருதின் மூலப்பெயர் ஆண் ஒருவரையே எதிர்பார்த்து இடப்பட்டிருந்தது என்பது அக்காலத்தின் பார்வையைத் தெளிவாகக் காட்டுகிறது. 1973இல் பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் உயர் தகைமையும், 1991இல் அமெரிக்கத் தேசியத் தொழினுட்பப் பதக்கமும் கிடைத்தன. இதற்கிடையே, 1966இல் ஓய்வுபெற்று அடுத்த ஆண்டே திருப்பி அழைக்கப்பட்ட அவர், 1986இல் தமது 79ஆவது வயதில் ரியர் அட்மிரலாகக் கடற்படையிலிருந்து விடைபெற்றார். 1997 செப்டெம்பரில் ‘ஹொப்பர்’ என்னும் நாசகாரிக் கப்பல் சேவையில் இணைந்தது. கடற்படையில் பணியாற்றிய பெண்ணின் பெயரைப் போர்க்கப்பலொன்று தாங்குவது எத்துணை அரிது என்பதைத் துறைமுக நகரத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆயினும், அமெரிக்காவின் அதியுயர் குடிமை விருதான சுதந்திரப் பதக்கம் அவர் மறைந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின், 2016இல்தான், பராக் ஒபாமாவால் வழங்கப்பட்டது. இத்தாமதம் வருத்தத்துக்குரியது.

இவை அனைத்திலும் அவருக்கு மிகப் பொருத்தமானது, கணிப்பொறியியல் சங்கமொன்று 1971 முதல் அவர் பெயரால் வழங்கிவரும் விருதே எனலாம். இளையோரைப் பயிற்றுவித்ததையே தமது பெரும் பணியாக அவர் கருதினார். அவ்விருதும் 35 வயதுக்குள் சிறந்த பங்களிப்பொன்றைச் செய்த இளையோருக்கே உரியது. ஹொப்பரோ மார்க் 1இன் முன் முதன்முதலாக நின்றபோதே 37 வயதினர்.